ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

பாட்டில் 'ஸ' வரும் இடங்களில் மட்டும் ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர் சீறியது.

ஒபிரி முதலில் அதைத் தூசி என்றே எடுத்துக்கொண்டான். பாலைவனத்து வறண்ட காற்றான ஹர்மட்டான் இறங்கிவிட்டிருந்தது. கானாவில், குமாசி நகரத்தின் வானம் சுண்ணாம்புத் தண்ணீரைப் போல வெளுத்துக் கிடந்தது. நடுப்பகலில்கூடக் கண்ணைச் சுருக்காமல் சூரியனைப் பார்க்க முடிந்தது. உதடுகள் வெடித்தன, கதவுகள் சட்டங்களுக்குள் சுருங்கித் தாமாக ஆடின, இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டால் சின்னதாக ஒரு மின்பொறி விரல்நுனியைக் கடித்தது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். இந்தப் பருவத்தில் இசைத்தட்டின் வரிகளுக்குள் தூசி சேராமல் வேறென்ன சேரும்?

மென்மையான தூரிகையால் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சால் ஊசியின் நுனியைப் பின்னிருந்து முன்னாக ஒரே இழுப்பில் வருடினான். மறுபடி வைத்தான். கிதார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன, ஊதுகொம்புகள் பளபளவென்று எழுந்தன, எல்லாம் அவனுக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. பாடகன் வாயைத் திறந்தான்.

ஸ்ஸ்ஸ்.

கண்ணாடியின் மேல் ஈர மணலை வைத்துத் தேய்த்ததுபோல. பல் கூசியது.

அந்த ஸ்டீரியோ ஒபிரியுடையது அல்ல. அவன் அண்ணன் சார்ப்போங், ஹாம்பர்க் துறைமுகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். சார்ப்போங் மழைக்காலத்தின் கடைசியில் இறந்தான். இன்னும் அடக்கம் ஆகவில்லை. வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்கள் ஈஸ்டருக்குத்தான் வர முடியும், அதற்குள் குடும்ப வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், முற்றத்துக்குச் சிமெண்ட் போட வேண்டும். அதுவரை அண்ணன் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் காத்திருந்தான். ஊரில் எல்லாப் பிணங்களும் காத்திருக்கின்றன. குடும்பக் கூட்டத்தில் ஈஸ்டர் என்று முதலில் வாயெடுத்தது ஒபிரிதான். பள்ளிக்கு விடுமுறை விடும் காலம், வசதி.

குடும்ப வீட்டில் அண்ணனின் அறைச் சாவி தாய்மாமாவிடம் இருந்தது. அடக்கம் முடிந்து, குடும்பம் கூடி, தரையில் மதுவை ஊற்றி முன்னோரை அழைத்து, அதன் பிறகே இறந்தவனின் பொருள்களைப் பங்கு வைப்பார்கள்.

"மரப்பெட்டி மாமா. இந்தக் காத்துல வெடிச்சுப் போயிடும். என் வீட்ல பத்திரமா இருக்கட்டும்" என்று கேட்டிருந்தான் ஒபிரி.

மாமா வெகுநேரம் பல்குச்சியை மென்றுகொண்டிருந்தார். "கொண்டு போ. ஆனா போட்டுக் கேக்காதே. அவன் இன்னும் கிளம்பலடா."

கொண்டுவந்த அன்றே போட்டுக் கேட்டான்.

கணக்கு வாத்தியாரான அவனுக்கு ஸ்டீரியோவில் பிடித்ததே அதன் முக்கோணம்தான். இரண்டு ஸ்பீக்கர்கள் இரண்டு முனைகள், கேட்பவன் மூன்றாவது முனை. நாற்காலியைச் சரியான இடத்தில் போட்டுவிட்டால் சத்தம் இரண்டு பெட்டிகளையும் உதறிவிட்டு நடுவில் வந்து கூடும். அந்த நடுவில் பெட்டி எதுவும் கிடையாது, வெறும் காற்றும் சுவரும்தான். ஆனாலும் பாடகன் அங்கேதான் நிற்பான். பாடத் தொடங்கும் முன் அவன் மூச்சை இழுப்பதும், உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்வதும்கூடக் கேட்கும்.

இப்போது அந்த ஆள் நடுவில் நிற்கவில்லை. சீறல் ஒவ்வொரு முறையும் அவனை ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

ஒபிரி ஸ்பீக்கரை நேராகத் திருப்பி வைத்தான், பிறகு சற்றுக் கோணலாக. ஜன்னல் கண்ணாடி எதிரொலிக்கிறதோ என்று போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தான், எடுத்தான். ஊசியின் அழுத்தத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒயர்களைக் கழற்றி முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டினான். கொஞ்சம் தணிந்ததுபோல இருக்கும். நாற்காலியில் வந்து சாய்ந்ததும் மறுபடி வரும், இன்னும் கூர்மையாக, சரியாக அவன் காதைத் தேடி.

அன்று மாலை அவன் மனைவி போகுவா கடையிலிருந்து வந்து சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உறைமீன் கடை. உப்பும் பனிக்கட்டியும் மணக்கும் கைகள், எப்போதும் சில்லென்று. பாட்டு ஓடியது. ஸ்ஸ்ஸ் என்றது.

"வந்துட்டேன் புருஷா, இரு" என்றாள் போகுவா உள்ளிருந்து.

கத்தியின் சத்தம் நின்றது.

ஒபிரி ஊசியைத் தூக்கினான். அவள் கூடத்துக்குள் வந்து நின்றாள், கத்தி கையிலேயே இருந்தது. அவன் அவளுக்குப் புருஷன். ஆனால் 'புருஷா' என்று அவள் கூப்பிட்டது அவனை அல்ல. இவனை 'வாத்தியாரே' என்பாள். புருஷனின் அண்ணனையும் தம்பியையும் 'புருஷா' என்று கேலியாகக் கூப்பிடுவது அங்கே பெண்களின் உரிமை. கடைசி மாதங்களில் சார்ப்போங் இந்த வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம்தான் படுத்திருந்தான். தொண்டையில் அறுவை செய்த பிறகு அவனுக்குக் குரல் கிடையாது. தெருவில் தண்ணீர் விற்பவளைக் கூப்பிடுவதுபோல, டாக்ஸியை நிறுத்துவதுபோல, பல்லிடுக்கில் காற்றை விட்டு ஸ்ஸ்ஸ் என்பான். போகுவா, "வந்துட்டேன் புருஷா, உனக்கு நான் ஒருத்திதான் கெடச்சேனா" என்று திட்டிக்கொண்டே கஞ்சியோடு போவாள்.

"பழக்க தோஷம்" என்றாள் இப்போது. சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெங்காயம்" என்றாள்.

அவள் நின்ற இடத்தைக் கவனித்தான். சமையலறை வாசலில் அல்ல. ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கரை நோக்கி, கூடத்தின் பாதி வரைக்கும் வந்திருந்தாள்.

அதன் பிறகு அவனுக்குப் பாட்டு முக்கியமில்லை. அந்தச் சத்தத்தை அழிக்க வேண்டும், அவள் அதற்கு இன்னொரு முறை பதில் சொல்வதற்குள்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கோவை வரச்சொன்னான். பேக்கோ பழைய ஸ்டீரியோக்களை வாங்கி விற்பவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பன், வாய் ஓயாதவன். போகுவா வேர்க்கடலைச் சூப்பில் அரிசி உருண்டைகளை முக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, இந்தச் சோத்துக்காகவே இவன் ஸ்டீரியோ தெனமும் ரிப்பேர் ஆகணும்" என்றான் பேக்கோ. "என்னடா வாத்தி, ஹாம்பர்க் சாமான் மூணு மாசத்துல பல்லை இளிச்சிருச்சா? நீ தொட்டா தங்கமே துருப்பிடிக்கும்."

"பேசாம கேளு."

கேட்டான். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வலது கையால் ஒரு உருண்டையைப் பிட்டுக்கொண்டே. ஸ்ஸ்ஸ்.

"ஊசி தேஞ்சிருக்கு."

"புது ஊசி."

"அப்போ மேல் சத்தத்துக்குன்னு உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர். அது கிழிஞ்சிருக்கும். ரொம்ப சுலபம்டா. ரெண்டு பெட்டியையும் இடம் மாத்து. சீறல் பெட்டியோட போச்சுன்னா பெட்டி கெட்டுப்போச்சு. போகலைன்னா..." வாயில் இருந்ததை விழுங்கினான். "போகாம எங்க போகும்?"

இருவருமாகத் தூக்கி மாற்றினார்கள். ஜன்னல் பக்கத்துப் பெட்டி அலமாரிப் பக்கம் போனது. அலமாரிப் பக்கத்துப் பெட்டி ஜன்னல் பக்கம் வந்தது. பேக்கோ கையை நக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஸ்ஸ்ஸ்.

ஜன்னல் பக்கம்.

"ஒயர்" என்றான் பேக்கோ. ஒயரை மாற்றினார்கள். ஜன்னல் பக்கம். ஆம்ப்ளிபயரின் பின்னால் இடம் வலம் மாற்றிச் சொருகினார்கள். ஜன்னல் பக்கம். பேக்கோ எழுந்து போய் அந்தப் பெட்டியின் இணைப்பை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு வந்து, சூப்பில் கைவிட்டு இன்னொரு வாய் எடுத்தான். இப்போது அலமாரிப் பக்கத்துப் பெட்டி மட்டும்தான் பாடியது. அதில் குரல் சுத்தமாக, தேன்போல வந்தது.

ஜன்னல் பக்கம், ஒயர் இல்லாத பெட்டியின் பக்கம், பாடகன் 'ஸ' சொல்லாத ஓர் இடத்தில், ஸ்ஸ்ஸ் என்றது.

பேக்கோவின் தலை அனிச்சையாகத் திரும்பியது. இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் திரும்பும். தெருவில் ஸ்ஸ் என்று கேட்டால் திரும்ப வேண்டும், திரும்பினால் போக வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டுப் போகாமலிருப்பது கூப்பிட்டவன் முகத்தில் காறி உமிழ்வதற்குச் சமம்.

அவன் பார்வை பெட்டியின் மேல் இல்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கொஞ்சம் மேலே, ஓர் ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றது. சூப்பு அவன் விரல்களிலிருந்து முழங்கை வரை வழிந்தது.

"எனக்கு ஒரு எடத்துக்குப் போகணும்" என்றான்.

"சாப்பிட்டுப் போடா."

"போகணும்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போனான். கிண்ணத்தில் ஓர் உருண்டை முழுசாக மிஞ்சியிருந்தது. பேக்கோ சாப்பாட்டை மிச்சம் வைத்து ஒபிரி பார்த்ததே இல்லை.

இரவு ஒபிரி அவனுக்குப் போன் செய்தான். நெடுநேரம் மணி அடித்த பிறகு பேக்கோ எடுத்தான்.

"என்னடா பாத்தே?"

"ஒண்ணும் பாக்கல. நீ அந்தச் சாமானைத் திருப்பிக் கொடுத்துடு. அதோட..." பேக்கோவின் மூச்சு இரைந்தது. "அண்ணியை அந்த ரூம்ல விடாதே. கூப்பிட்டா திரும்பாதே. நீ திரும்பாம இருந்தா கூப்பிட்டவனும் அலுத்துப் போயிடுவான்ல?"

மறுநாளே ஒபிரி வண்டி பிடித்தான். இசைத்தட்டுகள், ஆம்ப்ளிபயர், இரண்டு பெட்டிகள், கடைசி ஒயர்த் துண்டு வரை. அண்ணனின் அறையில் முன்பிருந்த இடத்திலேயே வைத்தான். மாமா சாவியைத் திருப்பும்போது அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போட்டுக் கேட்டியா?"

"மாமா, அடக்கத்தை முன்னாடி வெச்சுக்கலாம். இந்த மாசமே. யாரும் வர வேணாம். நாம நாலு பேர் போதும்."

"ஈஸ்டர்னு சொன்னவன் நீ." மாமா சாவியைத் துணி முடிச்சில் முடிந்துகொண்டார். "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சு. ஊர் பூரா சொல்லியாச்சு. பந்தலுக்கு, பாட்டுக்காரனுக்கு, எல்லாத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஒரு பெரிய மனுஷனை நாய்க்குட்டி மாதிரி ரகசியமா பொதைக்கச் சொல்றியா? அவன் என்னைச் சும்மா விடுவானா?"

"என்னை விடமாட்டேங்கிறான் மாமா."

கிழவர் முதல் தடவையாக அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. "அவன் சாமானை அவன் கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்தே. இன்னும் உன் வீட்லதான் இருக்கோம்னு அவன் நெனச்சுட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

வீட்டுக்கு வந்தபோது கூடம் பெரிதாகியிருந்தது. தரையெங்கும் செம்பழுப்புத் தூசி. பெட்டிகள் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு சுத்தமான சதுரங்கள். ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று அலமாரிப் பக்கம். ஒபிரி துடைப்பத்தை எடுத்துவந்து முழுவதையும் கூட்டினான். மறுநாள் மதியத்துக்குள் தூசி படிந்தது. சதுரங்களின் மேல் மட்டும் படியவில்லை.

தைல வாசனை வந்தது. சார்ப்போங் கழுத்தில் பூசிக்கொள்வானே, மூக்கை எரிக்கும் அந்தத் தைலம். அதன் அடியில் வேறொரு வாசனை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மட்டுமே அவன் முகர்ந்தது.

போகுவாவை அவள் தங்கை வீட்டுக்குப் போகச்சொன்னான்.

"கடையை யார் பாப்பா, உன் ஒன்பதாம் வகுப்பா?" என்றாள். "நாள் முழுக்க கரண்ட் வரதும் போறதுமா இருக்கு, மீன் பூரா நாறிடும். வாத்தியாரே, உனக்கு என்ன ஆச்சு? ஏன் கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே?"

உண்மைதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தான். இப்போது அந்தச் சுவர் அவன் முதுகுக்குப் பின்னால். வெளிக்கதவு அவனுக்கு நேரே. அவள் உள்ளே வரும்போது பிடித்துக்கொள்ளலாம், நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போகலாம், கூடத்தில் நிற்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே திட்டம் அது. அவளிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். சொன்னால் அவள் பயப்படமாட்டாள். அதுதான் அவனுக்குப் பயம். பாவம், தாகமாக இருக்கும் என்பாள்.

பின்னால் அது கூப்பிட்டது. கோபமில்லாமல், பொறுமையாக. அவன் திரும்பவில்லை. கழுத்து நரம்புகள் இழுத்தன. ஒரு நாய்க்குட்டியின் காதைப்போல அவன் தலை தானாக அசையப் பார்த்தது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டான். அது அலுக்கவில்லை. படுத்த படுக்கையில் இருந்தவனுக்குக் கூப்பிடுவதைத் தவிர வேறு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போனது. தெரு முழுக்க ஒரு முனகல் எழுந்து அடங்கியது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம்கொஞ்சமாகக் கெட்டியானது. மரச்சட்டங்கள் டக் டக்கென்று வெடித்தன. எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமியது, உயிர்பெற்றது, நின்றது.

ஸ்ஸ்ஸ்.

ஜன்னல் பக்கம். முன்பைவிட அருகில்.

கதவு திறந்தது. போகுவா ஒரு கையில் சார்ஜ் விளக்கோடு உள்ளே வந்தாள், பனிக்கட்டியும் மீனும் மணக்க, தூசி படிந்த முகத்தில் கண் மட்டும் பளிச்சென்று. "இருட்டுல ஏன் இப்படி உக்காந்திருக்கே" என்று ஆரம்பித்தாள்.

ஸ்ஸ்ஸ்.

அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலாக, முகம் இருக்கும் உயரத்தில். அவளுடைய களைப்பு வடிந்து, பழைய சலிப்பும் பிரியமும் கலந்த அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது.

"என்ன புருஷா" என்றாள். "வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ளேயேவா? வந்துட்டேன் இரு."

"போகுவா."

"இதோ வாத்தியாரே, ஒரு நிமிஷம். பாவம், எவ்வளவு நேரமா கூப்பிடறார். உனக்குக் காது கேக்கலியா?"

எழ முயன்றான். எழுந்தால் திரும்பிவிடுவான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அவள் கடந்துபோகும்போது தோளில் போட்டிருந்த துணியின் நுனியைப் பற்றினான். துணி நழுவி அவன் கையோடு வந்தது. அவள் நிற்கவில்லை.

விளக்கு அவனுக்குப் பின்னால் போனது. அவன் நிழல் எதிரே கதவின் மேல் எழுந்தது, பூதாகரமாக, நாற்காலியோடு. அவள் நடக்க நடக்க அது சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி ஒரு மனிதனின் அளவுக்கு வந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

மெலிந்தது. கழுத்து ஒரு பக்கமாக மடங்கியது.

விளக்கைத் தரையில் வைக்கும் சத்தம்.

விளக்கு அணைந்தது.

ஒன்றுமில்லை. கையில் அவள் துணி. சில்லென்று. ஈரம். "போகுவா" என்று கூப்பிட்டான். சத்தம் வரவில்லை. திரும்பாதே. திரும்பாதே. வெளியே மின்சாரம் வந்துவிட்டது போலும், தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். எதிர்வீட்டு வெளிச்சம் ஜன்னல் வழியாக வரவேண்டும். வரவில்லை. ஜன்னலை ஏதோ மறைத்திருந்தது.

ஸ்ஸ்ஸ்.

ஜன்னல் பக்கம்.

அவன் காத்திருந்தான். இன்னும் ஏதோ பாக்கி இருந்தது.

ஸ்ஸ்.

அலமாரிப் பக்கம். மீனும் பனிக்கட்டியும் மணக்க, மெல்லியதாக. தடுமாறி. இப்போதுதான் பழகுவதுபோல.

மறுபடி இரண்டும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், துல்லியமாக. சீறல் இல்லை இப்போது, கரகரப்பு இல்லை. இரண்டு பக்கத்துச் சத்தங்களும் தத்தம் மூலைகளை விட்டுக் கிளம்பின.

அவனுக்கு நேர் பின்னால், நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில், யாரோ மூச்சை இழுத்து, உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்கள்.